கோவளம் முதல் மாமல்லபுரம் வரை: மீனவர் கரை விடுதிக் கரையாகும் விதம்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் கோவளம், நெம்மேலி, சூளேரிக்காட்டுக்குப்பம், பட்டிப்புலம், தேவனேரி, மாமல்லபுரம் என்று மீனவர் ஊர்கள் அடுத்தடுத்து வருகின்றன. சாலையில் போகிறவர்களுக்கு அவை அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை. கிழக்குப் பக்கம் தெரிவதெல்லாம் விடுதிகளின் மதிலும் பண்ணை வீடுகளின் வாயிற்கதவும்தான். அந்த மதில்களுக்கு நடுவே இருக்கும் சந்து வழியாகத்தான் குப்பத்துக்குப் போக வேண்டும். பல இடங்களில் கடலுக்கும் அதுவே வழி.

இந்தக் கரை ஒரே நாளில் மாறிவிடவில்லை. கோவளத்தில் பழைய கோட்டை இருந்த இடத்தில் 1974இல் நட்சத்திர விடுதி வந்தது. 1984இல் மாமல்லபுரத்துச் சிற்பங்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. 2000க்குப் பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலை சுங்கச்சாலையாக மேம்பட்டதும் சென்னையிலிருந்து மாமல்லபுரம் ஒன்றரை மணி நேரப் பயணமாகச் சுருங்கியது. சிற்பம் பார்க்க வருகிறவர் பாதி நாளில் திரும்பிவிடுவார். வார இறுதிக்கு வருகிறவருக்கோ அறை, நீச்சல்குளம், கடல் பார்த்த மாடி எல்லாம் வேண்டும். இந்தக் கரையை மாற்றியது முக்கியமாக இரண்டாவது வகைக் கூட்டம். வெளிநாட்டினரும் குறைவில்லை: 2021-22இல் இந்தியத் தொல்லியல் துறையின் கட்டணச் சின்னங்களில் வெளிநாட்டுப் பயணிகள் அதிகம் வந்த இடம் தாஜ்மகால் அல்ல, மாமல்லபுரம், சுமார் 1.45 லட்சம் பேர்.

ஆனால் ஒரு குப்பத்தின் கதியை முடிவு செய்வது பயணிகளின் எண்ணிக்கை மட்டுமல்ல. அந்த மணல் அரசுப் பதிவேட்டில் யார் பெயரில் இருக்கிறது என்பதுதான் அதைவிடப் பெரிய கேள்வி.

மணல் ஒரு தொழிற்கூடம்

வெளியூர்க்காரர் கண்ணுக்குக் காலி மணல் காலி மணல்தான். மீனவருக்கு அதில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வேலை உண்டு. அலை ஏறி இறங்கும் ஈர மணலில் படகு இறக்குவார்கள், ஏற்றுவார்கள். அதற்கு மேலே படகு நிறுத்தும் வரிசை. அதற்கும் மேலே வலை பிரித்து மீன் தட்டும் இடம், கிழிசல் தைக்கும் நிழல், ஏலம் விடும் இடம், கருவாடு காயப்போடும் திடல், கடைசியில் வலையும் எஞ்சினும் வைக்கும் கொட்டகை. அதன் பின்னால்தான் வீடுகள்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இப்போது இந்தக் கரையில் ஓடுபவை பெரும்பாலும் 28 முதல் 32 அடி நீளமுள்ள ஃபைபர் படகுகள். ஒரு படகை நிறுத்தி, இரண்டு பக்கமும் ஆள் நடமாட இடம் விட்டால் கரையோரமாக நான்கு மீட்டர் வேண்டும். ஐம்பது படகுள்ள ஊருக்கு நிறுத்த மட்டும் 200 மீட்டர். உள்நோக்கிய அகலமும் தேவை: படகின் நீளமே எட்டரை மீட்டருக்கு மேல், ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளிக்கும்போது அதை இன்னும் இருபது, முப்பது மீட்டர் மேலே இழுத்தாக வேண்டும். 2022 டிசம்பர் 9 நள்ளிரவில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தருகே கரையைக் கடந்தது. இப்படிப்பட்ட இரவுகளில் படகு தப்புவதும் நொறுங்குவதும் பின்னால் எவ்வளவு மணல் மிச்சம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பின்னால் மதில் இருந்தால், அலை படகைத் தூக்கி அதில்தான் மோதும்.

பெரிய வலை எனப்படும் கரைவலைக்கு இன்னும் அதிக இடம் வேண்டும். வலையைப் படகில் கொண்டுபோய் அரைவட்டமாக வளைத்துப் போட்டு, இரண்டு முனைக் கயிறுகளையும் கரையில் நின்று இழுப்பார்கள். முப்பது, நாற்பது பேர் கூட வேண்டும். இரண்டு குழுவுக்கும் இடையே நூற்றுக்கணக்கான மீட்டர் தடையில்லாத கரை இருக்க வேண்டும். இழுக்க இழுக்க இரண்டு குழுவும் ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்து வரும். நடுவில் ஒரு வேலியோ குளிக்கிற கூட்டமோ இருந்தால் வலை போட முடியாது. அதனால் சுற்றுலா வரும் கரையில் முதலில் நின்றுபோவது பெரும்பாலும் இந்தத் தொழில்தான். வயதானவர்களும் படகில்லாதவர்களும் கூலி பெற்று வந்ததும் இதில்தான்.

பட்டா இல்லாத நிலம்

இந்த மணலின் எந்தப் பகுதிக்கும் மீனவர் கையில் பட்டா கிடையாது. யார் படகு எங்கே நிற்கும், எங்கே வலை காயும் என்பதை ஊர்ப் பஞ்சாயத்து தீர்மானிக்கிறது. தலைமுறை தலைமுறையாக எல்லோரும் அதற்குக் கட்டுப்படுகிறார்கள். வருவாய்த் துறைப் பதிவேட்டிலோ அது புறம்போக்கு. குடியிருப்பில் ஒரு பகுதி கிராம நத்தமாக இருக்கலாம்; அதைத் தாண்டிக் கட்டிய வீடுகளுக்குக் கிடைப்பது ஆக்கிரமிப்பு என்று வருவாய்த் துறை கொடுக்கும் பி-மெமோ நோட்டீஸ். குப்பத்துக்குப் பின்னால், சாலை வரை கிடக்கும் சவுக்குத் தோப்பும் மணல் மேடும் பெரும்பாலும் வேறு ஆட்களின் பட்டா நிலம்.

நில விலை ஏறும்போது இதன் விளைவு தெரிகிறது. லாபம் தோப்பின் உரிமையாளருக்குப் போகிறது. கரையை நூற்றாண்டுகளாகப் பயன்படுத்தியவருக்கு விற்க எதுவும் இல்லை. வங்கியில் அடமானம் வைத்துக் கடன் வாங்கித் தானே நாலு அறை கட்டவும் வழியில்லை. வாங்கியவர் சாலையிலிருந்து கடல் வரை மதில் எழுப்புகிறார். நடைபாதை, ஒற்றையடிப் பாதை, மீன் கூடையோடு பெண்கள் குறுக்காக நடந்து பேருந்து பிடித்த வழி, இவை எந்த வரைபடத்திலும் குறிக்கப்படாதவை. அதனால் சட்டத்தின் கண்ணில் அங்கே எதுவுமே அடைக்கப்படவில்லை.

ஒத்தவாடைத் தெரு இதற்கு ஓரளவு விதிவிலக்கு. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலுக்கு வடக்கே மீனவர் குடியிருப்பை ஒட்டிய அந்தத் தெருவில், ஊர்க்காரர்களே மாடியில் ஓர் அறை கட்டி வாடகைக்கு விட்டார்கள், கீழே மீன் பொரித்துக் கொடுக்கும் கடை வைத்தார்கள். வீட்டு நிலம் கைவசம் இருந்த குடும்பத்தால்தான் அது முடிந்தது. கடலுக்கு எத்தனை அடி தள்ளி வீடு இருந்தது என்பதே, ஒரே தெருவில் வளர்ந்த இரண்டு பேரில் ஒருவரை விடுதி முதலாளியாகவும் இன்னொருவரை அவரிடம் வேலை பார்ப்பவராகவும் ஆக்கியது.

சட்டம் யாரைத் தடுக்கிறது

கடலோரத்தில் எங்கே என்ன கட்டலாம் என்று சொல்லும் மத்திய அரசின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை முதன்முதலில் 1991 பிப்ரவரி 19 அன்று வந்தது. பிறகு 2011இலும் 2019இலும் புதிதாக எழுதப்பட்டது. கடல் நீர் ஏறும் உச்ச எல்லையான உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுப்பாடு. ஊரகக் கரைகளில் முதல் 200 மீட்டர் கட்டடம் கூடாத பகுதி. 2019 அறிவிக்கை, மக்கள் நெருக்கம் சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் உள்ள ஊரகக் கரைகளில் இந்த 200 மீட்டரை 50 மீட்டராகக் குறைத்தது.

விதி எல்லோருக்கும் பொது என்றாலும் அதன் பாரம் ஒரே மாதிரி விழுவதில்லை. விடுதி கட்டுகிறவர் வரைபடம் தயாரித்து, அனுமதிக்கு விண்ணப்பித்து, 200 மீட்டருக்கு அப்பால் கட்டடத்தை வைத்து, முன்னால் உள்ள மணலைப் புல்வெளியாக்கிக்கொள்ள முடியும். அப்படி விதியைக் கடைப்பிடித்தே கரையைத் தன்வசமாக்கலாம். மீனவரின் வீடு தொழிலின் காரணமாகவே அந்த 200 மீட்டருக்குள் இருக்கிறது; மகனுக்குக் கல்யாணமானால் ஓர் அறை சேர்த்துக் கட்டுவதுகூட விதிமீறல் பேச்சாகிவிடுகிறது. மாமல்லபுரத்தில் இன்னொரு சட்டமும் சேர்கிறது. 2010இல் திருத்தப்பட்ட தொல்சின்னச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைப் பகுதி, அதற்கு மேல் 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதி. கடலைக் காரணம் காட்டி ஒரு கோடு, கோயிலைக் காரணம் காட்டி ஒரு கோடு. இரண்டுக்கும் நடுவே மாட்டிய வீட்டுக்குக் கூரை மாற்றுவதே பெரும்பாடு.

சுனாமிக்குப் பிறகு வந்த வீட்டுத் திட்டம் இந்த நெருக்கடியைக் கூட்டியது. தமிழ்நாடு அரசின் 2005 மார்ச் 30 தேதியிட்ட அரசாணை 172, 200 மீட்டருக்குள் இருந்தவர்களுக்கு ஒரு தேர்வைக் கொடுத்தது. தள்ளிப் போனால் 1.50 லட்சம் ரூபாய் மதிப்புள்ள வீடு இலவசம், பழைய இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். அங்கேயே இருந்தால் தன் செலவில் பழுது பார்த்துக்கொள்ளலாம், உதவி கிடையாது. எல்லாம் இழந்து நிற்கிற குடும்பத்துக்கு இது உண்மையில் தேர்வே அல்ல. தள்ளிப் போனவர்கள் விடியற்காலையில் கடலின் நிறம், காற்று, நீரோட்டம் பார்த்து முடிவெடுக்கும் வசதியை இழந்தார்கள். படகும் எஞ்சினும் கண் பார்வையில் இல்லாததால் களவுக்கு அஞ்ச வேண்டியதாயிற்று.

2011 அறிவிக்கையில் மீனவருக்குச் சாதகமான ஒரு பகுதியும் உண்டு. மீனவக் கிராமங்கள், அவர்களின் பொதுச் சொத்துகள், மீன் உலர்த்தும் இடம், ஐஸ் ஆலை, இறங்குதளம் எல்லாவற்றையும் சர்வே எண் தெரியும் அளவிலான வரைபடத்தில் காட்ட வேண்டும்; வருங்கால வீட்டுத் தேவைக்கான நீண்டகாலத் திட்டத்தை மாநில அரசு தயாரிக்க வேண்டும். இந்த இரண்டும் முழுமையாகச் செய்யப்பட்டிருந்தால் மேலே சொன்ன தகராறுகளில் பாதி எழுந்திருக்காது.

கிணற்றில் உப்பு ஏறுவது ஏன்

கடலோர மணலுக்கடியில் மழைநீர் தேங்கி நிற்கிறது. நல்ல நீர் உப்புநீரைவிடச் சற்று லேசானது. அதனால் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் உயரம் நல்ல நீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய நாற்பது மீட்டர் ஆழம் வரை நல்ல நீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய கணக்கு. இதை மறுபக்கமாகப் படிக்க வேண்டும்: மேலே கால் மீட்டர் நீர்மட்டம் குறைந்தால், நாளடைவில் அடியிலிருந்து உப்புநீர் பத்து மீட்டர் மேலே வரும். ஒரே இடத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டு வேகமாக இறைத்தால், அந்தக் குழாயின் அடியில் மட்டும் உப்புநீர் கூம்பு போல எழும்பி வரும். ஒருமுறை உப்பேறிய மணல் நல்ல மழை பெய்தும் சட்டென்று தெளியாது.

ஊரக வீடுகளுக்கான குடிநீர்த் திட்ட அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். விடுதிக்கு இந்திய தர அளவு படுக்கைக்கு 180 லிட்டர், உயர் நட்சத்திர விடுதிக்கு 320 லிட்டர். ஐம்பது அறை, நூறு படுக்கை உள்ள பெரிய விடுதி நிரம்பினால் நாளுக்கு 32,000 லிட்டர். 580 ஊர்க்காரர்களின் ஒரு நாள் நீர். பத்து மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலம், ஒன்றேகால் மீட்டர் ஆழம் உள்ள சிறிய நீச்சல்குளம் அறுபதாயிரம் லிட்டருக்கு மேல் கொள்ளும். புல்வெளிக்கு ஊற்றுவது தனி. கிணறு உப்பானதும் விடுதி 12,000 லிட்டர் லாரியை வரவழைத்துக்கொள்ளும். பக்கத்துக் குப்பத்துக் குடும்பம் குடத்துக்கு விலை கொடுக்க ஆரம்பிக்கும். நெம்மேலியில் 2013 முதல் நாளுக்கு 10 கோடி லிட்டர், 2024 முதல் மேலும் 15 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் இயங்குகின்றன. அவை கட்டப்பட்டது சென்னையின் தாகத்துக்காக.

கழிவுநீரும் அதே மணலில்தான் இறங்குகிறது. மணலில் நீர் வேகமாக ஓடும், வடிகட்டப்படுவது குறைவு. மலக்குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே போதிய தூரம் இல்லாத நெருக்கமான தெருவில், விடுமுறை நாள் கூட்டம் முடிந்த வாரத்தில் வயிற்றுப்போக்கு வருவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

கல் போட்டால் மணல் எங்கே போகும்

சோழமண்டலக் கரையில் மணல் ஒரு இடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கிலிருந்து வடக்கே நகரும். வடகிழக்குப் பருவத்தில் எதிர்த்திசையில் வரும். மீனவர்கள் தெற்கிலிருந்து வரும் நீரோட்டத்தைத் தெண்டி என்றும் வடக்கிலிருந்து வருவதை வன்னி என்றும் சொல்வார்கள். வருடக் கணக்கில் கூட்டிக் கழித்தால் வடக்கே போகும் மணலே அதிகம். அதனால் கடலுக்குள் நீட்டிக்கொண்டு எதைக் கட்டினாலும் அதன் தென்புறம் மணல் சேரும், வடபுறம் அரிக்கும். சென்னைத் துறைமுகம் வந்த பிறகு தெற்கே மெரினா அகலமானதும் வடக்கே ராயபுரம் கரை கரைந்ததும் இப்படித்தான். புதுச்சேரித் துறைமுகத்துக்கு வடக்கே நகரத்தின் மணல் கரை காணாமல் போனதும் இதே காரணத்தால்.

சுற்றுலாக் கரையில் இது சிறிய அளவில் திரும்பத் திரும்ப நடக்கிறது. ஒரு சொத்தின் முன்னால் கல் கொட்டினால் அந்தச் சொத்து தப்பும். அரிப்பு அடுத்த வடபுறத்துக் குப்பத்துக்கு நகரும். அங்கே கல் போட்டால் அதற்கடுத்த ஊர். கல்லடுக்கிய கரையில் படகு ஏற்ற முடியாது. ஃபைபர் படகு பாறையில் ஒருமுறை பலமாக உரசினாலே அடிப்பகுதி வெடித்துவிடும். ஆக, அரிப்பிலிருந்து வீட்டைக் காப்பாற்றும் அதே கல், தொழிலை நிறுத்திவிடுகிறது. மணல் மேட்டைச் சமப்படுத்திப் புல் போடுவதும் பெரிய தவறு. அடும்புக் கொடியும் இராவணன் மீசையும் பிடித்து வைத்திருக்கும் அந்த மேடுதான் புயல் அலைக்கு எதிரான முதல் அரண், கரை மெலியும்போது மணல் கொடுக்கும் இருப்பும் அதுவே. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடுவதும் அங்கேதான். ஐம்பது நாள் அளவில் பொரித்து வெளிவரும் குஞ்சுகள் வெளிச்சமான பக்கம் கடல் என்று நம்பி ஊர்பவை. விடுதி விளக்குகள் எரிந்தால் அவை சாலைப் பக்கம் போய்ச் சாகின்றன.

மீனும் வேலையும்

சுற்றுலா வந்தால் மீனுக்கு நல்ல விலை கிடைக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. ஓரளவே அது நடக்கிறது. உணவகத்துக்கு வேண்டியது வஞ்சிரம், கொடுவா, பெரிய இறால், சிங்கி இறால், கணவாய். சிறு படகில் அன்றாடம் ஏறுவதோ நெத்திலி, கவலை, காரப்பொடி, சங்கரா. பெரிய விடுதிக்கு ஒரே அளவு மீன், தினமும், ரசீதோடு வேண்டும். அதனால் அது சென்னையின் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து ஒப்பந்தக்காரர் மூலம் வாங்கும். கண்ணுக்கு எதிரே இறங்கும் மீன் தட்டுக்கு வருவதில்லை. விலை ஏறும் சில வகைகளை ஏலத்தில் உணவகக்காரர் எடுத்துவிட, தலைச்சுமையாக விற்ற பெண்களுக்குக் கைமுதல் கூடுதலாகத் தேவைப்படுகிறது. கருவாடு காயப்போடும் திடல் போனால் மலிவு மீனை மிச்சம் பிடிக்கும் வழியும் போய்விடும். மீன் நாற்றம் என்று விடுதியிலிருந்து வரும் புகாரின் விலையைப் பெண்கள்தான் கொடுக்கிறார்கள்.

இளைஞர்களின் கணக்கு வேறு. கடல் தொழிலில் டீசல், ஐஸ் செலவு போக வருவதைப் படகுக்கு, வலைக்கு, எஞ்சினுக்கு, ஆளுக்கு என்று பங்கு பிரிப்பார்கள். விகிதம் ஊருக்கு ஊர் மாறும். சில நாள் எதுவும் மிஞ்சாது. விடுதியில் காவல், தோட்டம், அறை துப்புரவு என்று மாதச் சம்பளம் உண்டு. ஒருவர் போவதில் தவறில்லை. ஆனால் நாலு பேர் படகில் ஒருவர் குறைந்தால் மற்ற மூவரும் கரையில் நிற்க நேரிடும். வெளியூர் ஆள் தேட வேண்டும், இல்லாவிட்டால் படகை விற்க வேண்டும். 2020இல் ஊரடங்கு வந்து விடுதிகள் மூடியபோது, படகு வைத்திருந்த குடும்பத்துக்குக் கடலாவது இருந்தது.

பயணிகளைப் படகில் ஏற்றி ஒரு சுற்றுக் காட்டுவது பலர் செய்யும் பக்கத் தொழில். மீன்பிடிப் படகாகப் பதிவானது பயணிப் படகல்ல. விபத்து நடந்தால் காப்பீடு கை கொடுக்காது, வழக்கு படகுக்காரர் மேல்தான் வரும். உயிர்க்காப்பு உடை, ஆள் எண்ணிக்கை வரம்பு, தனிப் பதிவு மூன்றும் இல்லாமல் இதைச் செய்யவே கூடாது. குளிக்க வருகிறவர்கள் மூழ்குவதும் இந்தக் கரையில் ஓயாத துயரம். அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் இடைவெளிதான் ஆபத்து: கரைக்கு வந்த நீர் கடலுக்குத் திரும்பும் வாய்க்கால் அது. அதில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். பெரும்பாலும் காப்பாற்றப் பாய்வது குப்பத்து இளைஞர்கள். அதற்குச் சம்பளம் கிடையாது.

கோவளத்தில் அலைச்சறுக்கு வேறு திசையில் போனது. பயிற்றுநர்களாக நிற்பவர்களில் பலர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். அலையை எங்கே பிடிப்பது, எந்த நாள் இறங்கக் கூடாது என்ற அறிவு அவர்களுக்குப் பிறப்பிலிருந்து வந்தது. இந்தத் தொழிலுக்குப் பட்டா நிலம் தேவையில்லை. திறந்த கரையும் கடலறிவும் போதும். ஊருக்கு லாபம் தங்கியதற்குக் காரணம் அதுதான். 2021இல் கோவளத்தின் ஒரு பகுதிக்கு, சுத்தமான கடற்கரைகளுக்குத் தரப்படும் சர்வதேச நீலக்கொடிச் சான்றிதழ் கிடைத்தது. 33 அளவுகோல்கள் கொண்ட அதில் குளிக்கும் நீரைத் தவறாமல் சோதிப்பது கட்டாயம். கழிவுநீரைக் கட்டுப்படுத்த அது உதவும், நல்லதே. ஆனால் சான்றிதழுக்கான எல்லைக் கோடு போடும்போதே படகு வரிசைக்கும் வலைத் திடலுக்கும் எல்லை போட்டுப் பதிவு செய்யாவிட்டால், சுத்தம் என்ற பெயரில் அவை நகர்த்தப்படும்.

ஓர் ஊர் தானே செய்யக்கூடிய வேலை இது: கைபேசியின் இருப்பிடக் குறியீட்டை வைத்துப் படகு நிறுத்தும் வரிசையின் இரு முனை, வலைத் திடல், ஏல இடம், கருவாட்டுத் திடல், கடலுக்குப் போகும் ஒவ்வொரு பாதை ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். வருடத்தில் இருமுறை, வைகாசியில் ஒன்றும் தையில் ஒன்றும் எடுத்தால் கரை அகலம் மாறுவதும் பதிவாகும். கிராம நிர்வாக அலுவலரிடமிருந்து புல வரைபடமும் நிலத்தின் வகையும் உரிமையும் காட்டும் அ-பதிவேட்டு நகலும் வாங்கி, ஒவ்வொரு இடத்துக்கும் சர்வே எண் சேர்க்க வேண்டும். அதைக் கிராம சபையில் வைத்துத் தீர்மானமாக்கி, மாவட்டக் கடலோர மேலாண்மைக் குழுவுக்கும் மீன்வளத் துறைக்கும் ஒப்புகையோடு அனுப்ப வேண்டும். கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்தின் வரைவு வரைபடத்தை ஆட்சியர் அலுவலகம் கருத்துக் கேட்புக்கு வெளியிடும்போது, இந்த ஆவணம் கையில் இல்லாத ஊர் வாய்மொழியாகத்தான் வாதாட முடியும். வீட்டில் பயணிகளைத் தங்க வைக்க விரும்புகிற மீனவக் குடும்பங்களுக்கு 2019 அறிவிக்கை இடம் கொடுக்கிறது; தரைப் பரப்பையும் முகப்பையும் மாற்றாமல் இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. அதற்கும் முதலில் வீட்டு மனைப் பட்டா வேண்டும். நத்தத்தில் உள்ள வீடுகளுக்கான மனுக்களை ஊர் மொத்தமாகச் சேர்த்துக் கொடுப்பது, தனித்தனியாக அலைவதைவிட வேகமாக நகரும்.